ஏழுக்கு எத்தனை

அகராதியைக் கத்தரிக்கச் சம்பளம் கொடுத்தார்கள் எனக்கு.
குரோனிங்கன், எழுபத்து நான்கு, அக்டோபர்.
ஆலையில் சர்க்கரைக்கிழங்கு வேகத் தொடங்கிவிட்டால்
ஊரே ஈரமண்ணும் பாகும் கலந்து நாறும்.
ஜன்னலைச் சாத்திக்கொண்டு
மனிதரைச் சொல்லும் சொற்களை வெட்டி
அட்டைக்கு ஒன்றாக ஒட்டினேன்.
கருமி.
வாயாடி.
தொட்டாற்சுருங்கி.
விரலில் கோந்து காய்ந்து தோலாக உரியும்.

பேராசிரியர் சீப்ராண்ட் சொல்வார்:
ஊர் ஆயிரம் வருஷம் புறம் பேசியிருக்கிறது, ஃபென்னா,
பார்த்த குணத்துக்கெல்லாம் பேர் வைத்துவிட்டது.
வேறெங்கும் தேடவேண்டாம்,
மனிதன் இந்தப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறான்.

இரண்டாம் மாடியில் கட்டில் போட்டிருந்தவர்
எல்லாமே ஐந்து வயதில் முடிந்த கதை என்றார்.
நிலவறையில் எலி வளர்த்தவருக்கோ
குணம் என்ற பேச்சே பிடிக்காது;
தீனி விழுந்தால் அழுத்தும், விழாவிட்டால் அழுத்தாது,
அவ்வளவுதான்.
மூவரும் ஒருநாள் ஒரே லிஃப்டில் ஏறினார்கள்.
நானும் இருந்தேன்.
மூவரும் ஒரே மாதிரி
கதவுக்கு மேலிருந்த எண்ணைப் பார்த்தபடி நின்றார்கள்.

படிவத்தை நிரப்ப ஆள் போதவில்லை.
நீயும் ஒன்று எழுது என்றார் சீப்ராண்ட்.
நன்றாகத் தெரிந்த ஒருவரை நினைத்துக்கொள்ளவும்,
ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு பொருந்தும்,
ஒன்றிலிருந்து ஏழுக்குள்.
என் அண்ணன் வுப்போவை நினைத்துக்கொண்டேன்.
முப்பத்தெட்டு வருஷமாக ஒரே சமையலறை.

அழுத்தக்காரர்: ஏழு.
கலகலப்பானவர்: ஒன்று.
பேனா நிற்கவே இல்லை.
உப்பு வேண்டுமென்றால் உப்பைப் பார்ப்பான்,
நான் நகர்த்துவேன்.
அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த இரவு
கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு
நாளைக்கு உறைபனி என்றான்.
அந்த வாரத்தில் அவன் பேசியது அதுதான்.

வியாழக்கிழமை ரொட்டி டப்பாவை மறந்துவிட்டுப் போனான்.
சைக்கிளில் எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன், எதிர்காற்று.
வுப்போவா என்று வாசல்காவலர் சிரித்தார்,
அதோ கேட்கிறதே, அந்தச் சத்தம்தான்.
கிழங்கு மலையின் மேல் நின்றுகொண்டிருந்தான்,
கழுவும் குழாயைக் கைத்தடியாக ஊன்றி
மேலாளரைப் போல் நடந்து,
மேலாளரைப் போல் இருமி,
தொப்பி பறக்காமல் பிடிக்கும் அந்தப் பயத்தையும் செய்துகாட்டி.
கீழே பத்துப் பன்னிரண்டு பேர்.
ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டான்.
இப்படி ஒரு குரல்
எங்கள் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.
டப்பாவைக் காவலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.
திரும்பும்போதும் எதிர்காற்று.

இரவு கை கழுவிவிட்டு உட்கார்ந்தான்.
உப்பைப் பார்த்தான்.
நகர்த்தினேன்.

மறுநாள் அந்த ஒன்றை அழித்து ஆறு போட்டேன்.
ஆறும் பொய்யாகத் தெரிந்தது, அழித்தேன்.
நடுவில் நான்கு போட்டுப் பார்த்தேன்.
நான்கில் இருப்பவன் யார்?
சமையலறையிலும் அவன் இல்லை,
கிழங்கு மலையிலும் இல்லை.
அழித்தேன்,
தாளில் ஓட்டை விழுந்தது.

கணினி அறைக்கு அட்டை துளைக்கும் ஆல்யே
படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
கவலைப்படாதே, காலியிடம் எல்லோருக்கும் வரும்,
மற்றவர்களின் சராசரியைப் போட்டு நிரப்பிவிடுவோம்.
ஊரார் அண்ணன் கணவன் மாமியார் எல்லோரையும் கூட்டி வகுத்து
அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

அன்றிரவு வுப்போ கடிகாரத்தைத் திறந்தான்.
ஆலைக்கு வந்தாயாமே என்றான்.
ம்.
உள்ளே வந்திருக்கலாம்.
வந்திருந்தால் நிறுத்தியிருப்பாய்.
சாவி பாதிச் சுற்றில் நின்றது.
நெடுநேரம் யோசித்தான்,
யாரோ ஒரு மூன்றாம் ஆளைப் பற்றிக் கேட்டதுபோல.
ஆமாம், என்றான்,
மீதிச் சுற்றை முடித்தான்.